பைண்டிங்கில் இருக்கிறது

“பைண்டிங்குக்குப் போயிருக்கு மாமி” என்றாள் மஹிமா. சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது பொய் என்பது அவளுக்கு உறைத்தது.

மேஜைக்கு எதிரே நின்ற சுப்புலக்ஷ்மி கோபப்படவில்லை. அவர் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். லேக் மார்க்கெட் பக்கம் வீடு. கோபப்பட்டிருந்தால் மஹிமாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

“எப்ப திரும்பி வரும்?”

“அடுத்த வாரம் வந்துடும்.”

“சரி, அப்ப வரேன். அவசரம் ஒண்ணுமில்லை. ஆனா அந்த வால்யூம்தான் வேணும். முன்னாடியோ பின்னாடியோ எடுத்துக் குடுத்துடாதே.”

அவர் கேட்டது வங்காள மாகாணச் சட்டசபை நடவடிக்கைகள், தொகுதி நாற்பத்தேழு.

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பழைய நூலகம் அது. பழைய அரசிதழ்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள், வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபையில் யார் எழுந்து என்ன கேட்டார், யார் என்ன பதில் சொல்லாமல் உட்கார்ந்தார் என்ற விவரங்கள் எல்லாம் சிவப்புத் தோல் அட்டைக்குள் அங்கே பத்திரமாக இருந்தன. வாசகர்களும் வருவார்கள். பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள். தங்கள் புத்தகத்தைத் தாங்களே கொண்டு வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படித்துவிட்டுப் போவார்கள். சட்டசபை நடவடிக்கைகளை யாராவது கேட்டு மஹிமா பார்த்ததில்லை.

சுப்புலக்ஷ்மி கேட்டதும், பதில் சொல்வதற்கு முன், அவள் மேல்தளத்துக்கு இரும்புப் படியேறிப் போய் அலமாரியைப் பார்த்தாள். நாற்பத்தாறும் நாற்பத்தெட்டும், நடுவில் யாரும் இருந்ததே இல்லை என்பதுபோல, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்திருந்தன. பின்பக்கம் பார்த்தாள். கீழ்த்தட்டில் பார்த்தாள். வழி தவறிய புத்தகங்கள் வழக்கமாகப் போய்ச் சேரும் மக்கள்தொகை அலமாரியிலும் பார்த்தாள். நாற்பத்தேழு இல்லை.

எப்போது தொலைந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதை அவளால் யாரிடமும் சொல்லவும் முடியாது. முந்தைய உதவியாளர் ஓய்வு பெற்றுப் போன அன்று, ‘எல்லாத் தொகுதிகளும் சரியாக இருக்கின்றன’ என்ற தாளை நீட்டினார். ரயிலுக்கு நேரமாகிறது என்றார். மஹிமா கையெழுத்துப் போட்டாள். எண்ணிப் பார்க்காமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்ற பாடம், அவள் படிக்கும் நூலக அறிவியல் மாலை வகுப்பில் அடுத்த வாரம்தான் வந்தது. அவள் அதை நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டாள்.

மாதக் கடைசியில் அறக்கட்டளைக் கமிட்டி வந்து இருப்பைச் சரிபார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் மஹிமாவின் வேலை நிரந்தரம். அவள் அப்பா துறைமுகத்தில் எழுத்தர். பொங்கலோடு ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மஹிமாவுக்கு வேலை நிலைத்தால் கொல்கத்தாவிலேயே வாடகைக்கு வீடு பார்ப்பது, இல்லாவிட்டால் எல்லோரும் தென்காசிக்குப் போய்விடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த மஹிமாவுக்குத் தென்காசியில் தெரிந்தவர் ஒரே ஒரு பெரியப்பா. அவரும் அவளை மகேஸ்வரி என்றுதான் கூப்பிடுவார்.

பொய்யை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். ஆனால் அந்தப் பொய் இன்னொருவர் காதுக்கும் போயிருந்தது.

நூலகப் பொறுப்பாளர் வீரராகவன், மத்தியக் கணக்குத் துறையில் இருந்தவர். முழங்கால் வலியால் மேல்தளத்துக்கு ஏறிப் பல வருடங்கள் ஆகின்றன. ஏறாவிட்டாலும் அங்கே என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என்று சொல்வார்.

“ஏம்மா, நாப்பத்தேழைக் கேட்டு ஒரு அம்மா வந்தாளாமே?”

“ஆமா சார்.”

“பைண்டிங்லயா இருக்கு?”

“ஆமா சார்.”

“ஒரு வாசகர் காத்துண்டிருக்கார்னா நாமதான் விரட்டணும். நானே ரஃபிகுலுக்கு போன் பண்றேன்.”

“வேண்டாம் சார், நானே…”

“நீ பண்ணினா அவன் பயப்பட மாட்டான்.”

பைண்டர் ரஃபிகுல் பயந்துதான் போனார். மறுநாள் காலை சாந்த்ராகாச்சியிலிருந்து ரயில் பிடித்து வந்துவிட்டார். பைண்ட் செய்த புத்தகங்களைப் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்திருந்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, மஹிமாவின் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பேசியது வங்காளத்தில். மஹிமா அவருக்குத் திதிமோனி, அதாவது அக்கா; அவர் அவளுக்குச் சாசா, அதாவது சித்தப்பா.

“திதிமோனி, பட்டறை முழுக்கத் தேடிட்டேன். கட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். என் பொண்டாட்டி தலையணையைப் பிரிச்சுப் பார்த்தா.”

“சாசா, உட்காருங்க.”

“உட்கார நேரமில்லை. நாப்பத்தேழு வந்தாத்தான் அடுத்த வேலை குடுப்பேன்னு பெரியவர் சொல்லிட்டார். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் வாங்காத புத்தகத்தை எங்க தொலைச்சேன்?”

மஹிமாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் வேலைக்காக இன்னொருவர் வேலை போகக் கூடாது. அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. நேரே வீரராகவனின் அறைக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

“சார், என் தப்பு. நாப்பத்தேழு பைண்டிங்குக்குப் போகலை.”

“பின்ன எங்க போச்சு?”

வீரராகவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அப்படி அவர் பார்த்ததும் அவளுக்குத் தென்காசி ரயில் நிலையம் ஞாபகம் வந்தது.

“ஸ்கேனிங்குக்கு சார்.”

“அப்படிச் சொல்லு. பாவம், அந்த ரஃபிகுலைப் போய்த் திட்டிட்டேன்.”

அவர் அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். “அபினவ்!”

அபினவ்தான் ஸ்கேனிங் பிரிவு. அந்தப் பிரிவில் வேறு யாரும் இல்லை. பவானிபூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன். தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியத்தை வங்காளத்தில்தான் முடிப்பான். மஹிமா அக்கா என்பதை வங்காள வழக்கப்படி மஹிமாதி என்பான். ‘சட்டசபை நடவடிக்கைகள் முழுவதும் ஸ்கேன் செய்து முடிக்கப்பட்டது’ என்று சென்ற மாதமே அறிக்கை கொடுத்திருந்தான். முப்பத்தொன்றாம் தொகுதியோடு நின்றுவிட்டது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

“மஹிமா உங்கிட்ட குடுத்த நாப்பத்தேழை ஸ்கேன் பண்ணியாச்சா?” என்று கேட்டார் வீரராகவன்.

அபினவ் மஹிமாவைப் பார்த்தான். மஹிமா தரையைப் பார்த்தாள்.

“ஆயிடுச்சு சார். நாப்பத்தேழு கம்ப்ளீட்.”

“பேஷ். அப்ப அந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டர்லயே காட்டிடலாம். எங்கிட்டயும் ஒரு தடவை காட்டிடு.”

வெளியே வந்ததும் அபினவ் அவளைப் படிக்கட்டு ஓரமாகக் கூப்பிட்டான்.

“மஹிமாதி, புக்கு எங்க?”

“தெரியலை.”

“தெரியலைன்னா? நீங்கதானே என்கிட்ட குடுத்தேன்னு சொன்னீங்க?”

“நீதானே ஸ்கேன் பண்ணிட்டேன்னு சொன்ன?”

 ஒருவர் மேல் ஒருவருக்கு அப்போது ஏற்பட்டது மரியாதையா, பயமா என்று மஹிமாவுக்கு இன்னும் நிச்சயமில்லை.

நல்லவேளையாக, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இதே தொகுதியின் வேறொரு பிரதியை எப்போதோ ஸ்கேன் செய்து, பழைய நூல்களுக்கான தன் இணையதளத்தில் வைத்திருந்தது. அபினவ் அதைத் தேடிப் பிடித்து இறக்கிவிட்டான். வீரராகவனின் அறையில் திரையைத் திருப்பி வைத்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினான். அவர் பக்தியோடு பார்த்துக்கொண்டு வந்தார். கால்வாய்களை அடைத்த ஆகாயத்தாமரையைப் பற்றி ஓர் உறுப்பினர் கேள்வி கேட்கும் இடத்தில், பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் இருந்தது. புத்தகத்தை அமுக்கிப் பிடித்த விரல். நகத்தில் சிவப்புப் பூச்சு.

“இது யார் விரல்?”

அபினவ் தன் விரலைப் பார்த்துக்கொண்டான். அது பொருந்தாது.

“மஹிமாதி பிடிச்சிருந்தாங்க சார்.”

வீரராகவன் மஹிமாவின் கையைப் பார்த்தார். அதில் பூச்சு எதுவும் இல்லை.

“அழிச்சுட்டேன் சார்” என்றாள் மஹிமா.

“நல்லது. இந்தக் காலத்துப் பொண்கள் போட்டுக்கறதை நான் தப்பு சொல்லலை. ஆனா இதெல்லாம் தொட்டா உதிர்ற தாள். ஒரு கிளவுஸ் போட்டுண்டிருக்கலாம்.”

“சாரி சார்.”

முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் விரலுக்காக அவள் மன்னிப்புக் கேட்டாள். இதை எந்தப் பாடத்தின் கீழ் எழுதுவது என்று வகுப்புக்குப் போகும் வழியில் யோசித்தாள். விளங்கவில்லை.

சொன்னபடி அடுத்த வாரம் சுப்புலக்ஷ்மி வந்தார். அபினவ் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையைத் துடைத்து வைத்தான்.

“இது என்ன?”

“நீங்க கேட்ட நாப்பத்தேழு ஆன்ட்டி. முழுசா இருக்கு. வேணும்னா பெரிசு பண்ணிப் பார்க்கலாம்.”

“எனக்குக் கம்ப்யூட்டர்ல வேண்டாம்ப்பா. புஸ்தகத்தைப் பார்க்கணும்.”

“உள்ள இருக்கறது அதேதான் ஆன்ட்டி.”

“உள்ள இருக்கறது எனக்கு எதுக்கு?” என்றார் சுப்புலக்ஷ்மி. பிறகு, அதிகம் பேசிவிட்டவர்போல நிறுத்திக்கொண்டு எழுந்தார். “புஸ்தகம் வரட்டும். நான் மறுபடி வரேன்.”

வீரராகவன் தன் அறை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சுப்புலக்ஷ்மி போனதும் மஹிமாவை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“யாருமே கேக்காத புஸ்தகத்தை ஒருத்தர் திரும்பத் திரும்ப வந்து கேக்கறார். காட்டினா படிக்க மாட்டேங்கறார். அவர் வாசகர் இல்லைம்மா.”

“பின்ன யாரு சார்?”

“கமிட்டி ஆள். சரிபார்ப்புக்கு முன்னாடியே ரகசியமா பார்த்துட்டு வரச்சொல்லி அனுப்பியிருக்கா. பாங்குல ஆடிட் பார்த்தவாளாட்டம் இருக்கு. புஸ்தகம் இப்ப எங்க?”

 இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அபினவ் மாட்டிக்கொள்வான்.

“ஸ்கேன் பண்ணும்போது முதுகு விட்டுப்போச்சு சார். அதனால பைண்டிங்குக்குக் குடுத்திருக்கு.”

“ரஃபிகுல்கிட்டயா?”

“ஆமா சார்.”

“நல்ல காரியம். நாளைக்கே அவனைக் கூப்பிட்டு அவசரம்னு சொல்றேன்.”

அன்று மாலை வாசல் டீக்கடையில் மூவரும் கூடினார்கள். மஹிமா, அபினவ், அவசரமாக வரவழைக்கப்பட்ட ரஃபிகுல். மண் குவளைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மசோதாவை ஆராயும் குழுபோல மரப்பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மஹிமா முதலில் இருந்து கடைசிவரை எதையும் விடாமல் சொன்னாள். நடுவில் ஒருமுறை வரிசை தப்பிவிட்டது என்று திரும்பவும் முதலில் இருந்து சொன்னாள்.

“அப்ப நான் அதை வாங்கவேயில்லைங்கறது நிச்சயம்தானே?” என்றார் ரஃபிகுல்.

“நிச்சயம் சாசா.”

“அல்லா காப்பாத்தினார். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

“சிம்பிள்” என்றான் அபினவ். “ஸ்கேன் இருக்கு. பிரின்ட் எடுப்போம். சாசா பைண்ட் பண்ணுவார். அலமாரியில வெச்சுடுவோம். ப்யாஸ், முடிஞ்சது.”

“அது பொய்ப் புத்தகம்” என்றாள் மஹிமா.

“எப்படிப் பொய்? ஒரிஜினல்ல இருக்கற ஒரு வார்த்தைகூட மாறலை. புக்குன்னா வார்த்தைதானே? பேப்பரா?”

 இதற்கு மாலை வகுப்பில் பதில் இருந்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை அங்கே கேட்க முடியாது.

ரஃபிகுல் குவளையைக் காலடியில் வைத்தார். “நான் இத்தனை வருஷமா கிழிஞ்ச புத்தகத்தைத்தான் ஒட்டியிருக்கேன் திதிமோனி. இல்லாத புத்தகத்தை ஒட்டினதில்லை.”

“வேண்டாம்னா விட்டுடுங்க சாசா. நானே சார்கிட்ட…”

“வேண்டாம்னு சொன்னேனா? அந்தத் தோல் என்கிட்ட இருக்கு. முதுகுல நம்பர் போடற அச்சும் இருக்கு. தாளுக்குத்தான் யோசிக்கிறேன். வெள்ளைத் தாள் கூடாது. காட்டிக் குடுத்துடும்.”

பழுப்புத் தாளை அவரே எங்கிருந்தோ கொண்டு வந்தார். அச்சுக்கு அனுப்புமுன் அபினவ் அந்தச் சிவப்பு நகத்து விரலைத் திரையில் அழித்தான். விரலோடு ஆகாயத்தாமரைக் கேள்வியின் பிற்பாதியும் அழிந்துபோயிற்று. அமைச்சரின் பதில் மட்டும் நின்றது. மஹிமா அதை இரண்டு முறை படித்தாள். கேள்வி இல்லாமலும் அந்தப் பதிலில் எந்தக் குறையும் தெரியவில்லை.

முதல் பிரதி மூட்டைக்குள் இருந்து வெளிவந்தபோது மூவரும் மாறி மாறி அதைத் தடவிப் பார்த்தார்கள். அவ்வளவு அழகு. ஆனால் அபினவ் தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சடித்திருந்தான். சட்டசபை இரண்டு மடங்கு பேசிவிட்டதுபோலப் புத்தகம் பருத்திருந்தது. நாற்பத்தாறுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவே அதைச் செருகப் பார்த்தார்கள். அபினவ் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினான். நாற்பத்தாறின் முதுகு ‘படக்’ என்று விட்டுவிட்டது.

“இதை எடுத்துட்டுப் போறேன்” என்றார் ரஃபிகுல், நாற்பத்தாறைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு. “இதை நிஜமாவே வாங்கிட்டேன்னு எழுதிக்கங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

இரண்டாவது பிரதி இரண்டு பக்கமும் அச்சடித்து வந்தது. பருமன் சரி. சிவப்புதான் சரியில்லை. பழுது பார்த்துத் திரும்பிய நாற்பத்தாறும் பழைய நாற்பத்தெட்டும் சோகையாகத் தெரிந்தன. நடுவில் இது கல்யாணப் பெண்போல நின்றது. ரஃபிகுல் அதைத் திரும்ப எடுத்துப்போய், டீத்தண்ணீரால் துடைத்து, பட்டறை ஜன்னலில் சில நாள் வைத்தார். பக்கத்து ரயில் யார்டின் புழுதி மற்றதைப் பார்த்துக்கொண்டது. திரும்பி வந்தபோது அதன் வயதை யாராலும் சொல்ல முடியாதபடி இருந்தது.

கடைசி வேலை மஹிமாவுடையது. எல்லா நூலகங்களையும்போல இங்கேயும் முகப்பில் ஒரு முத்திரை, உள்ளே ஊழியர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியப் பக்கத்தில் ஒரு முத்திரை. முகப்பைக் கிழித்துவிட்டாலும் ரகசியப் பக்கம் புத்தகம் யாருடையது என்று சொல்லிவிடும். ‘முத்திரை என்பது நூலகம் கொடுக்கும் வாக்கு’ என்று மாலை வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். மஹிமா அதையும் அடிக்கோடிட்டிருந்தாள். மையில் முத்திரையைத் தோய்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வாடகை பேச அப்பா போயிருக்கிறார் என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. முகப்பில் ஒன்று, ரகசியப் பக்கத்தில் ஒன்று. இரண்டும் நேராக விழுந்தன. மற்ற தொகுதிகளில் கோணலாக இருக்குமே என்று அதற்கும் கவலைப்பட்டாள்.

கமிட்டியிலிருந்து இருவர் வந்தார்கள். மேல்தளத்தில் அலமாரி முன்னால் நின்று முதுகுகளை எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக வந்தது. நாற்பத்தேழின் மேல் விரலை ஓட்டி, “இதெல்லாம் அந்தக் கால வேலைப்பாடு. இப்ப யாரு செய்யறா?” என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். வேலை நிரந்தரம் ஆவதற்கான உத்தரவு திங்கட்கிழமை வரும் என்று வீரராகவன் மஹிமாவிடம் சொன்னார்.

“ஆனா அந்த அம்மா இன்னும் வரலையேம்மா. அவா அறிக்கையும் போகணும் இல்லையா?”

சுப்புலக்ஷ்மி மறுநாளே வந்தார். வீரராகவன் பச்சைத்துணி விரித்த பெரிய மேஜையில் அவரை உட்கார வைத்தார். அபினவ் புத்தகத்தை இரு கையாலும் ஏந்தி வந்து வைத்தான். அடுத்த வேலையை வாங்க வந்திருந்த ரஃபிகுல் வாசல் தூணோரம் நின்று எட்டிப் பார்த்தார். மஹிமா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். சுப்புலக்ஷ்மி எந்தப் பக்கத்தைத் திறப்பார் என்று அவள் பல நாள் யோசித்திருந்தாள். ஆகாயத்தாமரைப் பக்கமாக மட்டும் இருக்கக் கூடாது.

சுப்புலக்ஷ்மி எந்தப் பக்கத்தையும் திறக்கவில்லை. முதுகைத் தன் பக்கம் திருப்பி வைத்து, எண்ணைப் பார்த்தார். அதை விரலால் தடவினார். அவ்வளவுதான்.

“திறந்து பாருங்கோ” என்றார் வீரராகவன். “எந்தப் பக்கம் வேணும்? மஹிமா எடுத்துக் குடுப்பா.”

“பக்கம் ஒண்ணும் வேண்டாம் சார். இது இங்க இருக்கான்னுதான் தெரிஞ்சுக்கணும்.”

“இருக்கே.”

“நடுவில தொலைஞ்சுபோய் வேற ஒண்ணு வாங்கி வெச்சதா? இல்லை, ஆரம்பத்திலேர்ந்து இருக்கறதேதானா?”

வீரராகவன் முழங்காலை மறந்து நிமிர்ந்து நின்றார்.

“அச்சாகி வந்த நாள்லேர்ந்து இது இந்த இடத்தை விட்டுப் போனதில்லை. பைண்டிங்கைத் தவிர. எங்க லைப்ரரியில ஒரு வால்யூம்கூடக் காணாம போனது கிடையாது. கமிட்டியே நேத்திக்கு எண்ணிட்டுப் போயிருக்கு. நீயே சொல்லேம்மா.”

எல்லோரும் மஹிமாவைப் பார்த்தார்கள். அபினவ் மெதுவாகத் தலையை அசைத்தான். ரஃபிகுலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவரும் தலையை அசைத்தார்.

“ஆமா மாமி” என்றாள் மஹிமா. “இங்கயேதான் இருந்தது.”

சுப்புலக்ஷ்மியின் தோள்கள் தளர்ந்தன. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். கண்ணையும் ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றி சார். உங்க எல்லாருக்கும் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். என் மனசுல இருந்த பெரிய பாரம் இறங்கித்து.”

“கடமைதானே” என்றார் வீரராகவன். பிறகு, கமிட்டிக்குக் கேட்கட்டும் என்று, கொஞ்சம் உரக்கச் சேர்த்தார். “இந்தப் பொண்ணு பொறுப்பு எடுத்துண்டப்புறம் ஒரு தூசிகூட இடம் மாறலை.”

மஹிமா வாசல்வரை வழியனுப்பப் போனாள். போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. படி இறங்கப் போன சுப்புலக்ஷ்மி நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கிட்ட சொல்றதுக்கு என்ன, எங்க மாமனார் இங்கயேதான் வந்து உக்காந்துண்டிருப்பார், அவர் போனப்புறம் அட்டையும் முதல் பக்கமும் இல்லாம பீரோவில ஒரு நாப்பத்தேழு கெடச்சுது, உங்களோடதா இருந்தா திருப்பிக் குடுத்துடணுமேன்னுதான் இத்தனை தடவை நடந்தேன், நல்லவேளை இல்லைன்னு ஆயிடுத்து, பழைய பேப்பர் எடுக்கற பிக்ரிவாலாவை இப்ப வாசல்லயே நிக்கச் சொல்லியிருக்கேன்.”